பேரைச் சொல்லிக் கேளு

“அதுன்னா எது?”

இதைக் கேட்கும்போது சின்னத்தாயியின் கை நிற்பதில்லை. வெந்நீர் வாளிக்குள் குடலை உருவி, உள்ளே வெளியே திருப்பி, கத்தியின் முதுகால் வழித்துக்கொண்டே இருப்பாள். எதிரே நிற்பவன் புதுமாப்பிள்ளை. கழுத்துச் சங்கிலியில் கடைப் பளபளப்பு இன்னும் போகவில்லை. கிடாயின் ‘அந்த ஒன்றை’ வாங்கி வரச் சொல்லி யாரோ பெரியவர்கள் அனுப்பியிருக்கிறார்கள். அவன் இடதுபக்கம் பார்க்கிறான், வலதுபக்கம் பார்க்கிறான், குரலை அடியோடு தாழ்த்தி, “அதான்க்கா… அது இருக்குமா?” என்கிறான்.

“ஈரலா? சொவரொட்டியா? மூளையா? வாயத் தொறந்து பேரச் சொல்லுப்பா. பேரில்லாத சரக்கு எங்கிட்டக் கெடையாது.”

வரிசையில் நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். அவன் காது மடல் சிவந்து, ஒருவழியாகப் பேரைச் சொன்ன பிறகுதான் தேக்கிலை விரியும். “இம்புட்டுத்தான? இதுக்குப் போயி வேர்க்குதாக்கும்” என்று கட்டிக் கொடுப்பாள். இதில் அவளுக்கு வேண்டியவர், வேண்டாதவர் பாகுபாடு கிடையாது. பேங்க் மேனேஜரும் சொல்லித்தான் வாங்க வேண்டும்.

காரைக்குடியில் சுல்தான் பாயின் கறிக்கடைக்கு ஒட்டினாற்போல ஒரு தகரக் கொட்டகை. அதுதான் அவள் இடம். கறி வெட்டுவது பாய். தலை, கால், குடல், ரத்தம் என்று கறியில் சேராத எல்லாம் சின்னத்தாயியின் பொறுப்பு. ஐம்பதைத் தாண்டிவிட்டாள். முழங்கை வரை எப்போதும் ஈரம். வாட்டிய ஆட்டுத் தலைகளை அடுக்கும்போது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பித்தான் வைப்பாள். “வெலை பேசுறப்ப அதுக பாத்துக்கிட்டே இருந்தா எனக்குப் பொய் சொல்ல வராது” என்பாள். பாய் கடையில் கூட்டம் நெரிந்தால் அந்தப் பக்கத்துக்கும் குரல் கொடுப்பாள்: “மார்க்கண்டம் எலும்போட போடவா, தனியாவா? நல்லி வேணுமா? சத்தமாச் சொல்லுங்க, இங்குட்டுக் கேக்கல.”

வேலை முடிந்ததும் கடைக்குப் பின்னால் இருக்கும் குழாயடியில் குளிப்பாள். வீட்டுக்குப் போய் மறுபடியும் குளிப்பாள். பிறகு கழுத்து, தோள், நெஞ்சு என்று சுவருக்கு வெள்ளையடித்த மாதிரி பவுடர் போட்டுக்கொள்வாள். டவுன் பஸ்ஸில் இடம் காலியாகக் கிடந்தாலும் உட்கார மாட்டாள். “எறங்கப் போறேன்ல” என்பாள், இறங்க ஆறு நிறுத்தம் இருக்கும்போதே. பக்கத்தில் இருப்பவர்கள் மூக்கைச் சுளிக்கும் முன் தானே விலகி நின்றுவிடுகிற வித்தை அது. அவள் மகள் கீர்த்திக்கு இது புரியவே கல்லூரிப் படிப்பு முடியும்வரை ஆனது.

கீர்த்தி அந்த வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள். விலங்கியல் படித்தாள். இப்போது ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டே அரசுத் தேர்வுக்குப் படிக்கிறாள். அம்மாவின் வாயைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் கூச்சமும் நிறையப் பெருமையும் உண்டு. உலகத்தில் அம்மாவால் சொல்ல முடியாத சொல் ஒன்றும் இல்லை என்று நினைத்திருந்தாள்.

சிவராத்திரி சமயத்தில் ஒருநாள், சின்னத்தாயி சுல்தான் பாயின் மனைவி சுபைதாவிடம் மெதுவாகச் சொன்னாள். “நெஞ்சுல என்னமோ கல்லு மாதிரி இருக்குக்கா.”

சுபைதா பதறிவிட்டாள். அவளுடைய அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவே இல்லை. “நெஞ்சுன்னா வெளையாட்டா தாயி? கெளம்பு” என்று அந்த நிமிஷமே ஆட்டோ வைத்து ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப் போனாள். அங்கே கையிலும் காலிலும் கிளிப் மாட்டினார்கள். சேலைக்குள்ளேயே கையை விட்டு நெஞ்சைச் சுற்றிக் குமிழ் குமிழாக எதையோ ஒட்டினார்கள். சின்னத்தாயி கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். இயந்திரம் கோடு கோடாகக் காகிதத்தைத் துப்பியது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, “நெஞ்சு நல்லா இருக்கும்மா, பயப்படாதீங்க” என்றார்.

அன்றைக்குக் கறிக்கடை முழுவதும் அதே பேச்சு. “ஆறு எடத்துல ஒட்டிப் பாத்துட்டாக. நெஞ்சுல ஒண்ணுமில்லன்டு சொல்லிட்டாக. நாந்தேன் கெடந்து பயந்துட்டேன்.” சுல்தான் பாய் இனிமேல் வெந்நீர் வாளியைத் தூக்கக் கூடாது என்று தடை போட்டார். கொத்து வேலைக்குப் போகும் கணவர் சேவுகப்பெருமாள், நெஞ்சுக்கு நல்லது என்று யாரோ சொல்லக் கேட்டு, பூண்டை மூட்டையாகவே கொண்டுவந்து இறக்கினார். தினம் காலையில் பாலில் பூண்டு வெந்தது. மாசி போய்ப் பங்குனி வந்தது, பங்குனி போய்ச் சித்திரை வந்தது. பூண்டு வாடை மட்டும் வீட்டை விட்டுப் போகவில்லை.

ஆடி மாதக் காற்றில் கொடியில் காய்ந்த துணியை எடுக்கும்போது கீர்த்தி அதைப் பார்த்தாள். அம்மாவின் ரவிக்கைகள் எல்லாவற்றிலும் இடதுபக்கத் தையல் மட்டும் பிரிக்கப்பட்டிருந்தது. வலதுபக்கம் தைத்தது தைத்தபடி.

“ஏம்மா, ஒரு பக்கம் மட்டும் பிரிச்சு விட்டிருக்க?”

“ஒரசுதுடி.”

“எது ஒரசுது?”

“நெஞ்சு.”

கீர்த்தி கையில் துணியோடு அப்படியே நின்றாள். நான்கு அறைகள் உள்ள இதயத்தை அவள் எத்தனை முறை வரைந்து பாகம் குறித்திருக்கிறாள். இதயம் ரவிக்கையில் உரசாது.

“அன்னைக்கு டாக்டர் ஒன்னத் தொட்டுப் பாத்தாரா?”

“சேச்சே. ஒரு வெரல் படல. தங்கமான மனுசன்.”

கீர்த்தி விரல் மடக்கினாள். சிவராத்திரி மாசியில். இது ஆடி. ஒரு கை விரல்கள் போதவில்லை. யாரைக் கோபித்துக்கொள்வது என்று தெரியவில்லை. நெஞ்சு என்றார்கள், டாக்டர் நெஞ்சைப் பார்த்தார். அம்மாவும் பொய் சொல்லவில்லை. அந்த ஊரில் எந்தப் பெண்ணும் அதை நெஞ்சு என்றுதான் சொல்வாள். ஆட்டின் மார்புக்கறியை மார்க்கண்டம் என்று நாளெல்லாம் கூவுகிறவள்தான். குழாயடிச் சண்டையில் அந்தப் பச்சைச் சொல்லை அடுத்தவள் மேல் கல் மாதிரி வீசி எறிந்தவள்தான். ஆனால் அது எறிவதற்கான சொல். தன் உடம்பில் வைத்துக்கொள்வதற்கான சொல் அவளிடம் இல்லை.

என்னிடம் மட்டும் இருக்கிறதா என்று கீர்த்தி தன்னையே கேட்டாள். மார்பகம் என்று பரீட்சையில் எழுதியிருக்கிறாள். வாயால் ஒருதரமாவது சொன்ன ஞாபகம் இல்லை.

அந்த வாரமே ஊருக்குள் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்தார்கள். செவ்வாய்க்கிழமை கல்யாண மண்டபத்தில் இலவச முகாம், பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்யத் தனிப் பேருந்து வருகிறது என்று. ஆட்டோ தெருவைக் கடக்கும்வரை சின்னத்தாயி வெங்காயம் உரிப்பதிலேயே கண்ணாக இருந்தாள்.

“யம்மா, செவ்வாக்கெழம போறோம்.”

“கடைய யாரு பாக்குறது?”

“செவ்வாக்கெழம யாரு குடல் வாங்க வாரா?”

“எனக்குத்தேன் எடுத்தாச்சே. நல்லா இருக்குன்டு சொல்லிட்டாகல்ல.”

“நீ வரலைன்னா அப்பாகிட்டச் சொல்லுவேன்.”

“என்னத்தச் சொல்லுவ?” என்று சின்னத்தாயி நிமிர்ந்து பார்த்தாள். கீர்த்தி வெங்காயத் தோலைக் கூட்டி அள்ளினாள். உண்மையிலேயே, என்னத்தைச் சொல்வது?

அன்றிரவு இருவருமே சரியாகத் தூங்கவில்லை. ஆனாலும் சொன்ன நாளில் சின்னத்தாயி மகளின் ஸ்கூட்டியில் ஏறிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை மண்டப வாசலில் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, கிறீச்சிடும் மைக். சர்க்கரை, ரத்த அழுத்தம், கண், ஈசிஜி என்று ஆளுக்கொரு மேசை. புங்க மரத்தடியில் ரோஸ் நிறத்தில் ஒரு பேருந்து. அதன் முன்னால் போட்ட நாற்காலிகளில் பாதிக்கு மேல் காலி. சின்னத்தாயியை வாசலில் இறக்கிவிட்டு, கீர்த்தி ஸ்கூட்டியை நிறுத்த இடம் தேடிப் போனாள். திரும்பி வந்தபோது சின்னத்தாயி கையில் டோக்கனோடு ஒரு வரிசையில் அமைதியாக உட்கார்ந்திருந்தாள். சந்நிதி திறக்கக் காத்திருப்பவள் மாதிரி.

“இது எந்த வரிசைம்மா?”

“நெஞ்சுக்குத்தேன். அந்தத் தம்பி என்ன செய்யிதுன்டு கேட்டுச்சு. சொன்னேன். இங்குட்டு ஒக்காரச் சொல்லிச்சு.”

“இது ஈசிஜி. அன்னைக்கு எடுத்ததேதான்.”

“மறுக்கா எடுக்கட்டுமே. நல்லா இருக்குன்டு இன்னொருவாட்டி சொன்னா வேணாம்ங்குதா?”

கீர்த்தி அம்மாவின் கண்ணைப் பார்த்தாள். அது ஒரு கணம் பேருந்துப் பக்கம் போய், சுட்டதுபோலத் திரும்பி வந்தது. அம்மாவுக்குத் தெரியும். எந்த வரிசை எதற்கு என்று நன்றாகவே தெரியும். ‘நெஞ்சு’ என்று சொல்லிவிட்டால் ‘ஒண்ணுமில்ல’ என்று பதில் வரும். அந்தப் பதிலைத்தான் இரண்டாவது தரமும் வாங்கிக்கொண்டு போக வந்திருக்கிறாள். முதல் தரமும் இப்படித்தானா? அறியாமல் சொன்ன சொல்லா, ஒளிந்துகொள்ளச் சொன்ன சொல்லா? கேட்டால் அம்மாவுக்கே பதில் தெரிந்திருக்காது.

வரிசை நகர்ந்தது. இன்னும் இரண்டு பேர்தான். கீர்த்தி விறுவிறுவென்று பதிவு மேசைக்கு நடந்தாள். அங்கே பாண்டியராஜன் என்று சட்டையில் பெயர் குத்திய தொண்டர் ஒருவர் டோக்கன் எழுதிக்கொண்டிருந்தார். அவளுக்குப் பின்னால் ஆணும் பெண்ணுமாகக் கூட்டம். அதில் பக்கத்துத் தெருக்காரர்கள் இரண்டு பேர்.

“அண்ணே, எங்க அம்மாவுக்கு டோக்கன் மாத்திக் குடுங்க.”

“எதுக்கும்மா?”

“அந்த… அந்த டெஸ்டுக்கு.”

“எந்த டெஸ்டு? சுகரா, கண்ணா?”

“இல்லண்ணே…” கீர்த்தி குனிந்தாள். தமிழில் வராதது இங்கிலீஷில் வந்துவிடும் என்று நம்பினாள். “பிரஸ்ட்…”

மைக் அந்த நேரம் பார்த்துக் கிறீச்சிட்டது.

“பிரஷரா? பிரஷருக்கு அந்தக் கடைசி மேசை.” அவர் எழுதியே விட்டார்.

“பிரஷர் இல்லண்ணே. அது வந்து… லேடீஸுக்கு… அதுதான்…”

“அதுன்னா எது?”

கேட்டது பாண்டியராஜன் இல்லை. குரல் பின்னாலிருந்து வந்தது. சின்னத்தாயி வரிசையை விட்டு எழுந்து வந்து நின்றிருந்தாள். பழக்கத்தில் வந்த கேள்வி. கேட்ட பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். அவள் வாய் பாதி திறந்தபடி நின்றது.

கீர்த்தி திரும்பினாள். அவள் காது மடல் இரண்டும் சிவந்திருந்தன. கண்ணில் நீர் முட்டியது. “பேரைச் சொன்னாத்தாம்மா தருவாக” என்றாள். “எனக்கும் வரலம்மா.”

சின்னத்தாயி மகளையே பார்த்தாள். காது சிவக்க, குரல் தாழ, வேர்த்து வழிய இப்படி நின்றவர்கள் எத்தனை பேரை அவள் கொட்டகையில் பார்த்திருக்கிறாள். அவர்களெல்லாம் அடுத்தவர் பிள்ளைகள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். கீர்த்தியை ஓரமாகத் தள்ளிவிட்டு மேசையின் மேல் இரண்டு கையையும் ஊன்றினாள்.

“ஏந்தம்பி, மொலையில கட்டி இருக்கான்டு பாக்குறது எங்குட்டு?”

சின்னத்தாயி கீர்த்தியைக் கைகாட்டினாள்.

“இந்தா நிக்கிதே, இதுக்குப் பால் குடுத்த மொலை. எடது பக்கம். அதப் பாக்கணும். நெஞ்சுன்டு எழுதிறாத, அது நல்லாத்தேன் இருக்கு.”

பாண்டியராஜன் தலை நிமிராமல் ரோஸ் டோக்கன் ஒன்றைக் கிழித்து நீட்டினார். எங்கோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். இன்னொருத்தி, “அப்படிக் கேளுக்கா” என்றாள். சின்னத்தாயி யாரையும் பார்க்காமல் பேருந்தை நோக்கி நடந்தாள். நடையில் ஒரு விறைப்பு. கீர்த்தி பின்னால் ஓடியபோது, ஈசிஜி வரிசையிலிருந்து ஒரு நடுத்தர வயதுப் பெண் தன் டோக்கனை உள்ளங்கையில் கசக்கியபடி எழுந்து, சத்தமில்லாமல் ரோஸ் பேருந்துப் பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

பேருந்துக்குள் ஏசி குளிர். ரேணுகா என்ற நர்ஸ் திரையை இழுத்துவிட்டு, “மேல எல்லாத்தையும் கழட்டிட்டு இந்த அங்கியப் போட்டுக்கங்கம்மா. கழுத்துல உள்ளதையும் கழட்டணும்” என்றார்.

சின்னத்தாயி தாலியை இரண்டு விரலால் பிடித்தாள். கல்யாணமான நாளிலிருந்து கழற்றியதில்லை. எதுவும் சொல்லாமல் தலைவழியே உருவி, கீர்த்தியின் உள்ளங்கையில் வைத்து, அவள் விரல்களைத் தானே மடக்கிவிட்டாள். உடம்புச் சூடு அதில் இன்னும் இருந்தது.

அடுத்து ரேணுகா ஈரத் துணியை எடுத்தார். “இம்புட்டுப் பவுடரா? படத்துல புள்ளி புள்ளியாத் தெரியுமே. தொடைக்கணும்மா.”

“அது இருக்கட்டும் தாயி.”

“இருந்தா படம் தப்பாயிரும்.”

சின்னத்தாயி துணியைப் பிடித்துத் தடுத்தாள். தாலிக்கு வராத தயக்கம் இதற்கு வந்தது. “கறிக்கடையில வேலை எனக்கு. தொடைச்சா வாடை வரும்.”

ரேணுகா ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு, “எங்க வீட்டுல ஞாயித்துக்கெழம வாரதுதானம்மா” என்று சொல்லிக்கொண்டே தோளிலிருந்து துடைக்க ஆரம்பித்தார்.

கீர்த்தியை வெளியே அனுப்பிவிட்டார்கள். மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவள் தாலியைக் கையில் பொத்திக்கொண்டாள். உள்ளே இயந்திரம் இறங்கும் ஓசை. “இன்னும் கொஞ்சம் முன்னால வாங்க. தோளத் தளத்துங்க. வலிக்கும், பொறுத்துக்கங்க. மூச்ச அடக்குங்க.” கீர்த்தியும் அடக்கினாள். “விடுங்க” என்று உள்ளே சொன்ன பிறகும் அவளுக்கு மூச்சு விடத் தோன்றவில்லை. மறுபடி இயந்திரம், மறுபடி அடக்கு, மறுபடி விடு. எந்தச் சத்தத்துக்கும் அம்மாவிடமிருந்து பதில் சத்தம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. அம்மா இவ்வளவு நேரம் பேசாமல் இருந்து அவள் கண்டதில்லை.

வெளியே வந்தவள் சேலையைச் சரிசெய்தபடி சொன்னாள். “தராசுத் தட்டுல வச்ச மாதிரி வச்சு, மேல ஒரு தட்ட வச்சு அமுக்குறாடி. நான் எம்புட்ட அப்புடி வச்சிருப்பேன்.” சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு கன்னத்தோடு நின்றுவிட்டது.

டாக்டர் சத்தியப்பிரியா சின்ன வயது. கையால் தடவிப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி தடவினார். விரல் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போனது. கீர்த்தி அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது எப்ப இருந்தும்மா?”

“சிவராத்திரிக்கு முன்னால.”

“இதுக்கு முன்னால யார்கிட்டயும் காட்டலையா?”

“காட்டுனேன் தாயி. பேர மாத்திச் சொல்லிட்டேன்.”

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று கீர்த்திக்குத் தோன்றியது. “கட்டின்னாலே கேன்சர்னு கிடையாது” என்று பொறுமையாகச் சொன்னார். “ஆனா இத இப்படியே விடக் கூடாது. ஊசி போட்டுத் துளி சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும். சீட்டு எழுதித் தாரேன், நாளைக்கே மதுரைக்குப் போயிருங்க. நாளைக்கேன்னா நாளைக்கே.”

போனார்கள். ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். முடிவு திங்கட்கிழமை, போனில் கூப்பிட்டுச் சொல்வோம் என்றார்கள். அன்று மாலை சேவுகப்பெருமாளிடம் சின்னத்தாயி எல்லாவற்றையும் சொன்னாள். பேரைச் சொல்லியே சொன்னாள். அவர் சிமெண்டு காய்ந்த கையால் முகத்தைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டார். மறுநாள் காலையில் பூண்டு வேகவில்லை. அந்த மூட்டையை அவர் எங்கே கொண்டுபோய் வைத்தார் என்று யாரும் கேட்கவில்லை.

இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்தது. படுத்துக் கிட என்று சுபைதா சொல்லிப் பார்த்தாள். “படுத்துக் கெடந்தா திங்கக்கெழம வெள்ளனமா வந்துருமா?” என்று கேட்டுவிட்டுக் கொட்டகைக்கு வந்துவிட்டாள். போனைப் பாலித்தீன் பையில் சுற்றித் தகரத்து ஆணியில் மாட்டியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை யாரும் கூப்பிடப் போவதில்லை என்று தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு மணியடிப்புக்கும், அது பாயின் போனாக இருந்தாலும், வாளிக்குள் இருக்கும் கை நின்றது. உதவிக்கு வந்து இலை கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்த கீர்த்தி அதைக் கவனித்துக்கொண்டே இருந்தாள்.

கூட்டம் உச்சத்தில் இருந்தபோது ஒரு பையன் வந்து நின்றான். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, விரலில் ஒரு புதுமோதிரம். முன்னால் நின்றவர்கள் எல்லாம் வாங்கிப் போகட்டும் என்று இரண்டு முறை ஒதுங்கி வழிவிட்டான். ஒதுங்க இனி ஆளில்லை என்றானதும் குனிந்து, தொண்டையைச் செருமி, “அக்கா… அது…” என்றான்.

வரிசைக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு நின்றது. பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் இப்போதே பல்லைக் காட்டிவிட்டார். சுல்தான் பாய்கூடக் கத்தியை நிறுத்தி இந்தப் பக்கம் பார்த்தார்.

சின்னத்தாயி நிமிர்ந்து அவன் காது மடலைப் பார்த்தாள். கையை வாளியிலிருந்து எடுத்து நல்ல தண்ணீரில் இரண்டு தரம் அலசினாள். தட்டின் அடியிலிருந்து அதை எடுத்து, கீர்த்தி நீட்டிய தேக்கிலையில் வைத்து, நாலாப் பக்கமும் மடித்து, நாரைச் சுற்றி, ஒன்றும் கேட்காமல் அவன் கையில் வைத்து, அவன் விரல்களைத் தானே மடக்கிவிட்டாள்.